கேப்டன் வியர் செய்தது சரியா? சட்டமும் மனசாட்சியும் மோதும் அமெரிக்கக் கதைகள் பற்றி

நதிக்கரை எழுதியது:

அமெரிக்க எழுத்தாளர் ஹெர்மன் மெல்வில் என்றதும் எல்லோருக்கும் ‘மோபி டிக்’ நாவலின் திமிங்கிலம்தான் நினைவுக்கு வரும். நான் பேச வந்தது அவருடைய கடைசிக் கதையைப் பற்றி. ‘பில்லி பட்’. 1891 செப்டம்பரில் அவர் இறந்தபோது அடித்தல் திருத்தல்களோடு கையெழுத்துப் பிரதியாகவே கிடந்த குறுநாவல். படிக்காதவர்களுக்காகக் கதையை முழுக்கச் சொல்லிவிடுகிறேன். முடிவு தெரிந்தால் கெட்டுப்போகிற கதை இல்லை இது.

ஆண்டு 1797. பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் போர் நடக்கிறது. வணிகக் கப்பல் ஒன்றிலிருந்து பில்லி பட் என்ற 21 வயது மாலுமியைக் கட்டாயமாகப் பிடித்துப் போர்க்கப்பலில் சேர்க்கிறார்கள். அவன் விட்டுவந்த கப்பலின் பெயர் ‘மனித உரிமைகள்’. பில்லி அழகன், வெகுளி, கூட இருப்பவர்களுக்கெல்லாம் பிடித்தவன். ஒரே குறை, உணர்ச்சிவசப்பட்டால் திக்கும், பேச்சே வராது. கப்பலில் ஒழுங்கைக் கவனிக்கும் அதிகாரி கிளாகர்ட்டுக்கு அவனைக் கண்டாலே ஆகாது. காரணம் என்று ஒன்றும் கிடையாது. பில்லி கலகத்துக்கு ஆள் சேர்க்கிறான் என்று கேப்டன் வியரிடம் போய் ஒரு பொய்யைச் சொல்கிறான். வியருக்கு நம்பிக்கை வரவில்லை. இருவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு எதிரெதிரே நிறுத்துகிறார். குற்றச்சாட்டைக் கேட்ட பில்லிக்கு வாய் வரவில்லை, கை வந்துவிடுகிறது. ஒரே அடி. கிளாகர்ட் செத்து விழுகிறான்.

அந்த நிமிடமே வியர் சொல்லிவிடுகிறார்: அடித்துக் கொன்றது தேவதூதன், ஆனாலும் அந்தத் தேவதூதன் தூக்கில் தொங்கித்தான் ஆக வேண்டும். விசாரணை அதற்கப்புறம்தான் கூடுகிறது. விசாரிக்க உட்கார்ந்த மூன்று அதிகாரிகளுக்கும் பில்லியைத் தண்டிக்க மனமில்லை. சாட்சியாக வந்த வியர், அவர்களுக்கே எடுத்துச் சொல்கிறார். நம் சீருடையின் பொத்தான்கள் இயற்கைக்கா விசுவாசம் சொல்கின்றன, அரசனுக்கல்லவா என்கிறார். தண்டிப்பது நாமல்ல, நம் வழியாக இயங்கும் ராணுவச் சட்டம், அதன் கடுமைக்கு நாம் பொறுப்பில்லை என்கிறார். மறுநாள் விடியற்காலையில் பில்லியைத் தூக்கிலிடுகிறார்கள். கழுத்தில் கயிற்றோடு அவன் சொல்லும் கடைசி வார்த்தை, “கடவுள் கேப்டன் வியரை ஆசீர்வதிப்பாராக!”

வியர் கொடுமைக்காரர் இல்லை. நிறையப் படித்தவர், நேர்மையானவர். பில்லியைப் பெற்ற பிள்ளைபோலத்தான் நினைக்கிறார். என்னைத் தொந்தரவு செய்வதே அதுதான். கிளாகர்ட் மாதிரி ஆட்களை அடையாளம் கண்டு ஒதுங்கிவிடலாம். இவன் கொலைகாரன் இல்லை என்று மனதாரத் தெரிந்தும், வேதனைப்பட்டுக்கொண்டே அவனைத் தூக்குக்கு அனுப்ப முடிகிற நல்லவரை என்ன செய்வது? வியர் செய்தது தவறு என்பது என் தரப்பு. மறுக்கிறவர்கள் வாருங்கள்.

கடலோடி எழுதியது:

நான் மறுக்கிறேன். சரக்குக் கப்பல்களில் சீஃப் ஆபீசராக வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், கரையில் உட்கார்ந்து வியரைத் தீர்ப்புச் சொல்வது எளிது.

முதலில் அந்த ஆண்டைப் பாருங்கள். 1797 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஸ்பிட்ஹெட்டில் கப்பற்படை மாலுமிகள் வேலைநிறுத்தம் மாதிரி ஒன்றை நடத்தினார்கள். நூறாண்டுக்கு மேல் சம்பளம் உயரவில்லை, சாப்பாடு மோசம். மே மாதம் தேம்ஸ் ஆற்று முகத்தில் நோர் என்ற இடத்தில் அடுத்த கலகம். அது இன்னும் தீவிரமானது, லண்டனுக்குப் போகும் வணிகக் கப்பல்களையே மறித்தார்கள். அதன் தலைவர் ரிச்சர்ட் பார்க்கரை ஜூன் 30-ல் தூக்கிலிட்டார்கள். மெல்வில் கதையை வைத்திருப்பது இதெல்லாம் நடந்து முடிந்த சில வாரங்களில். அதுவும் எதிரிக் கப்பலைத் துரத்திக்கொண்டு தன் அணியைவிட்டு வெகுதூரம் வந்துவிட்ட ஒரு தனிக் கப்பலில்.

அந்தக் கப்பலில் நூற்றுக்கணக்கான மாலுமிகள். பலர் பில்லியைப் போலவே பலவந்தமாகக் கொண்டுவரப்பட்டவர்கள். கீழே இருப்பவன் மேலதிகாரியை ஒரே அடியில் கொன்றிருக்கிறான். அதைப் பார்த்தவர் வியர் ஒருவர்தான். இன்று எங்கள் கப்பலில் ஏதாவது நடந்தால் சாட்டிலைட் போனில் கம்பெனிக்கும் கப்பலைப் பதிவு செய்த நாட்டின் அதிகாரிகளுக்கும் உடனே சொல்லிவிடலாம், முடிவை அவர்கள் எடுப்பார்கள். வியருக்கு யாரும் இல்லை. அவர் தவறாகக் கணித்திருந்தால் அந்தக் கப்பலே போயிருக்கும், நூற்றுக்கணக்கான உயிர்களோடு.

அவர் தன் பாசத்தை ஓரமாக வைத்தார். அதைத்தானே பொறுப்பு என்கிறோம்? பிடித்தவனுக்கு ஒரு சட்டம், பிடிக்காதவனுக்கு ஒரு சட்டம் என்று நடக்கும் கேப்டனோடு வேலை செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

புதுவாசகன் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் கையில் இருக்கும் பதிப்பில் கப்பலின் பெயர் ‘இன்டாமிட்டபிள்’. இணையத்தில் சில கட்டுரைகளில் ‘பெல்லிபோட்டன்ட்’ என்று இருக்கிறது. வேறு வேறு கதையா?

மரகதம்_டீச்சர் எழுதியது:

ஒரே கதைதான் தம்பி. மெல்வில் இறந்து 28 வருடம் கழித்து, 1919-ல் ரேமண்ட் வீவர் என்ற ஆய்வாளர் மெல்விலின் பேத்தியிடமிருந்த காகிதங்களில் இந்தக் கையெழுத்துப் பிரதியைப் பார்த்தார். 1924-ல் முதலில் அச்சானது. பென்சிலும் மையுமாகத் திருத்தி, தாள்மேல் தாள் ஒட்டி வைத்திருந்ததால் எது கடைசி வடிவம் என்று கண்டுபிடிப்பதே கஷ்டம். 1962-ல் ஹேஃபோர்டும் சீல்ட்ஸும் தாள் தாளாக ஆராய்ந்து புதிய பதிப்பு கொண்டுவந்தார்கள். மெல்வில் கடைசியில் தேர்ந்தெடுத்த பெயர் ‘பெல்லிபோட்டன்ட்’ என்று அதில்தான் தெளிவானது. கிடைத்தால் அதைப் படியுங்கள்.

அதே ஆராய்ச்சியில் இன்னொன்றும் தெரியவந்தது. கதை முதலில் விலங்கு பூட்டப்பட்டுத் தூக்குக்குக் காத்திருக்கும் ஒரு மாலுமியின் பாட்டாகத்தான் தொடங்கியிருக்கிறது. அப்புறம் கிளாகர்ட் வந்தான். வியர் பெரிய பாத்திரமாக வளர்ந்தது கடைசியில்தான். சாகும்வரை மெல்வில் திருத்திக்கொண்டிருந்தது வியரைச் சுற்றியுள்ள பக்கங்களைத்தான்.

கறுப்பு_அங்கி எழுதியது:

கடலோடி சார், உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். நான் வழக்கறிஞர், எனக்கு வேறு பக்கம் தெரிகிறது.

சட்டப்படி வேறு வழியில்லை என்கிறார் வியர். உண்மையில் சட்டத்தை மீறியவரே அவர்தான். அன்றைய பிரிட்டிஷ் கப்பற்படைக்குப் பொருந்தியது 1749-ன் போர் விதிகள். வியர் மேற்கோள் காட்டும் மியூட்டினி ஆக்ட், அதாவது கலகச் சட்டம், தரைப்படைக்கானது. உயிர்த்தண்டனை வழக்கை ஒரு கேப்டன் தன் கப்பலிலேயே, தனக்குக் கீழே வேலை செய்கிற மூன்று பேரை வைத்து முடிக்க முடியாது. குறைந்தது ஐந்து பேர் கொண்ட ராணுவ நீதிமன்றம் கூட வேண்டும். ரிச்சர்ட் வைஸ்பெர்க் என்ற சட்டப் பேராசிரியர் இதை விரிவாக எழுதியிருக்கிறார். சிலர் அவரை மறுத்து, மெல்விலுக்கு இந்த நுணுக்கமெல்லாம் தெரிந்திருக்காது, கதையை இப்படிப் படிக்கக்கூடாது என்றார்கள். ஆனால் கதைக்குள்ளேயே கப்பல் மருத்துவர் இதைத்தான் நினைக்கிறார்: பில்லியைக் காவலில் வையுங்கள், அணியோடு சேர்ந்ததும் அட்மிரலிடம் ஒப்படையுங்கள். கேப்டனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்றுகூட அவருக்குச் சந்தேகம் வருகிறது. வானவில்லில் ஊதா எங்கே முடிந்து ஆரஞ்சு எங்கே தொடங்குகிறது என்று யார் கோடு கிழிக்க முடியும் என்று மெல்வில் கேட்பது அந்த இடத்தில்தான். ஆகவே வியருக்கு வேறு வழி இருந்தது, அருகில் இருந்தவர்களுக்கு அது தெரிந்தும் இருந்தது.

அவர் வாதத்தின் ஓட்டையையும் கவனியுங்கள். சட்டம் நம் கையைக் கட்டிவிட்டது என்று முதலில் சொல்கிறார். குற்றவாளி என்று சொல்லிவிட்டுத் தண்டனையைக் குறைக்கலாமா என்று ஓர் அதிகாரி கேட்டதும் பேச்சை மாற்றுகிறார். குறைத்தால் மாலுமிகள் நாம் பயந்துவிட்டதாக நினைப்பார்கள் என்கிறார். கை கட்டப்பட்டிருந்தால் பலன்களைக் கணக்குப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லையே. முடிவை எடுத்தவர் வியர். எடுத்த பிறகு அதைச் சட்டத்தின் தலையில் வைக்கிறார்.

சார், ஸ்பிட்ஹெட்டைச் சொன்னீர்கள். அங்கே அரசு சம்பளத்தை உயர்த்தியது, மன்னரின் மன்னிப்பையும் வழங்கியது. கப்பற்படை அதனால் கவிழ்ந்துவிடவில்லை.

மெல்வில் இந்த மனிதரை எங்கே பார்த்தார் என்பதற்கு ஒரு பதில் உண்டு. அவருடைய மாமனார் லெமுவல் ஷா, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் தலைமை நீதிபதி. 1830 முதல் 1860 வரை முப்பது வருடம் அந்தப் பதவியில் இருந்தவர். மெல்வில் தன் முதல் புத்தகத்தையே அவருக்குத்தான் சமர்ப்பணம் செய்தார். ஷாவுக்கு அடிமை முறை பிடிக்காது. 1836-ல் ஒரு வழக்கு. நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஒரு பெண்மணி தன் தந்தையைப் பார்க்க பாஸ்டனுக்கு வந்தபோது மெட் என்ற ஆறு வயது அடிமைச் சிறுமியைக் கூட்டிவந்தார். உரிமையாளரே கூட்டிவந்துவிட்டதால் மாசசூசெட்ஸ் மண்ணில் அந்தக் குழந்தை அடிமை அல்ல என்று ஷா தீர்ப்பளித்தார். அன்றைக்கு அது துணிச்சலான தீர்ப்பு.

அதே ஷாவிடம் 1851 ஏப்ரலில் தாமஸ் சிம்ஸின் வழக்கு வந்தது. ஜார்ஜியாவிலிருந்து தப்பி பாஸ்டனுக்கு வந்திருந்த இளைஞர். முந்தைய ஆண்டுதான் தப்பியோடிய அடிமைகள் சட்டம் வந்திருந்தது. விசாரிக்கும் ஆணையர் ஒருவரை அடிமை என்று திருப்பி அனுப்பினால் 10 டாலர், விடுவித்தால் 5 டாலர் கட்டணம் என்று எழுதிய சட்டம் அது. மக்கள் புகுந்து சிம்ஸை மீட்டுவிடக்கூடாது என்று நீதிமன்றக் கட்டடத்தைச் சுற்றி இரும்புச் சங்கிலி கட்டினார்கள். நீதிபதிகளே குனிந்து அந்தச் சங்கிலிக்கு அடியில் நுழைந்து போனார்கள். ஆட்கொணர்வு மனுவை ஷாவின் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சிம்ஸை சவானாவுக்குத் திருப்பிக் கொண்டுபோய்ப் பலர் பார்க்கச் சாட்டையால் அடித்தார்கள்.

ராபர்ட் கவர் என்ற சட்ட அறிஞர் 1975-ல், அடிமை முறையை வெறுத்துக்கொண்டே அடிமைகளைத் திருப்பி அனுப்பிய நீதிபதிகளைப் பற்றி எழுதிய புத்தகத்தின் தொடக்கத்திலேயே வியரையும் ஷாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஷாதான் வியர் என்று மெல்வில் எங்கும் எழுதவில்லை. ஆனால் இந்த மாதிரி மனிதரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர் அவர்.

கடலோடி எழுதியது:

ஷாவைப் பற்றிச் சொன்னதற்கு நன்றி, யோசிக்க வைக்கிறது. குடும்பம் என்று வந்துவிட்டதால் இன்னொரு உறவினரையும் சொல்ல வேண்டும்.

1842-ல் அமெரிக்கக் கப்பற்படையின் ‘சாமர்ஸ்’ என்ற பயிற்சிக் கப்பல் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தது. பிலிப் ஸ்பென்சர், 19 வயதுப் பயிற்சி அதிகாரி, கலகத்துக்குத் திட்டம் போடுகிறான் என்று தகவல் வருகிறது. இவன் சாதாரண வீட்டுப் பையன் இல்லை, அமெரிக்கப் போர்த்துறை அமைச்சரின் மகன். கேப்டன் அலெக்சாண்டர் ஸ்லைடல் மெக்கென்சி அதிகாரிகளைக் கூட்டி ஆலோசனை கேட்டார். குற்றம் சாட்டப்பட்டவர்கள் அந்த அறைக்குள் வரவும் இல்லை, பதில் சொல்ல வாய்ப்பும் இல்லை. டிசம்பர் 1 அன்று ஸ்பென்சரையும் கிராம்வெல், ஸ்மால் என்ற இரண்டு மாலுமிகளையும் பாய்மரக் குறுக்குமரத்தில் தொங்கவிட்டார்கள். அந்த ஆலோசனைக்குத் தலைமை வகித்த முதல் லெப்டினன்ட் கெர்ட் கேன்ஸ்வோர்ட், மெல்விலின் தாய்மாமன் மகன். அடுத்த ஆண்டு நடந்த ராணுவ விசாரணையில் மெக்கென்சி விடுவிக்கப்பட்டார்.

மெல்வில் இந்த வழக்கைக் கதைக்குள்ளேயே பெயர் சொல்லி நினைவுகூர்கிறார். அவரே 1843-44ல் ஓர் அமெரிக்கப் போர்க்கப்பலில் சாதாரண மாலுமியாக இருந்தவர். அங்கே பார்த்த கசையடிகளைப் பற்றி 1850-ல் கோபமாக ஒரு நாவல் எழுதினார். அந்த மனிதர் நாற்பது வருடம் கழித்து எழுதும்போது வியருக்கு இவ்வளவு மரியாதை கொடுத்திருக்கிறாரே என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இளவயதுக் கோபம் கிழவரிடம் இல்லை. அதிகாரத்தில் இருப்பவனின் தனிமை அவருக்குப் புரிந்திருக்கிறது.

நதிக்கரை எழுதியது:

மரியாதை கொடுத்தார் என்பது சரி. தண்டனையும் கொடுத்தாரே? அடுத்த சண்டையில் ‘நாத்திகன்’ என்ற பிரெஞ்சுக் கப்பலோடு மோதியதில் வியர் குண்டடிபட்டுச் சாகிறார். சாகும்போது முணுமுணுப்பது “பில்லி பட், பில்லி பட்” என்று. அதில் வருத்தம் தொனிக்கவில்லை என்று பக்கத்தில் இருந்த உதவியாளர் சொன்னதாக ஒரு வரி வேறு. அந்த வரியை நான் பலமுறை படித்துவிட்டேன். எந்த முடிவுக்கும் வரமுடியவில்லை.

மரகதம்_டீச்சர் எழுதியது:

இந்த விவாதத்தில் ஹக் ஃபின் வராமல் இருக்க முடியாது. வியருக்கு நேர் எதிர்த் திசையில் நடப்பவன் அவன்.

மார்க் ட்வெயினின் அந்த நாவல் அமெரிக்காவில் வெளிவந்தது 1885-ல். ஒரு வருடம் கழித்து மெல்வில் பில்லி பட்டை எழுத ஆரம்பிக்கிறார். இரண்டும் ஏறக்குறைய ஒரே காலம். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமை முறை சட்டத்தில் ஒழிந்து இருபது வருடம் ஆகியிருந்தது.

31-ஆம் அத்தியாயத்தை நினைவுபடுத்துகிறேன். ஹக்கோடு தெப்பத்தில் ஆற்றுவழியே தப்பிவந்த அடிமை ஜிம்மை நாற்பது டாலருக்கு விற்றுவிட்டார்கள், ஃபெல்ப்ஸ் பண்ணையில் அடைபட்டிருக்கிறான். ஹக்குக்குப் பதின்மூன்று, பதினான்கு வயது. தப்பி ஓடிய அடிமைக்கு உதவுவது திருட்டு, திருடினால் நரகம் என்றுதான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். முழங்காலிட்டு ஜெபிக்கப் பார்க்கிறான், வார்த்தை வரவில்லை. ஜிம் இருக்கும் இடத்தைச் சொல்லி அவனுடைய உரிமையாளர் மிஸ் வாட்சனுக்குக் கடிதம் எழுதுகிறான். எழுதி முடித்ததும் பாவமெல்லாம் கழுவிப்போன மாதிரி நிம்மதி. அப்புறம் ஆற்றில் வந்த நாட்களை யோசிக்கிறான். தன் காவல் நேரம் முடிந்தும் ஹக்கை எழுப்பாமல், அவன் தூங்கட்டும் என்று அவனுடைய காவலையும் ஜிம்மே பார்த்தது ஞாபகம் வருகிறது. கடிதத்தை எடுக்கிறான், மூச்சைப் பிடித்துக்கொள்கிறான், “சரி, நரகத்துக்கே போகிறேன்” என்று கிழித்துப் போடுகிறான்.

ஹக் தான் செய்வது நல்லது என்று நினைக்கவே இல்லை. கடைசிவரை தன்னைப் பாவி என்றுதான் நம்புகிறான். ட்வெயின் 1895-ல் தன் குறிப்பேட்டில் இதைத்தான் எழுதினார்: நல்ல இதயமும் கோணலாக வளர்க்கப்பட்ட மனசாட்சியும் மோதுகின்றன, மனசாட்சி தோற்கிறது. அவர் வளர்ந்த மிசூரியில் அடிமை முறை தவறு என்று ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை, கடவுளே அதை ஏற்கிறார் என்று தேவாலயத்தில் பிரசங்கம் செய்தார்கள் என்று சுயசரிதையில் சொல்கிறார். மனசாட்சி சொன்னபடி நட என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும்போதெல்லாம் எனக்கு இந்த அத்தியாயம் ஞாபகம் வரும். அந்த மனசாட்சியை அவர்களுக்குள் வைத்தது யார் என்பதையும் சேர்த்துத்தானே பேச வேண்டும்?

வியரும் ஹக்கும் இருவருமே இதயம் ஒரு பக்கம் இழுக்க, கற்ற பாடம் மறுபக்கம் இழுக்க நிற்கிறார்கள். வியரிடம் நூலகம் இருக்கிறது, பதவி இருக்கிறது. ஹக்கிடம் ஒன்றுமில்லை.

புதுவாசகன் எழுதியது:

டீச்சர், இந்த நாவலைத் தடை செய்தார்களாமே?

மரகதம்_டீச்சர் எழுதியது:

வெளிவந்த ஒரு மாதத்துக்குள், 1885 மார்ச்சில், மாசசூசெட்ஸின் கான்கார்ட் ஊர்ப் பொது நூலகம் விலக்கியது. மொழி கொச்சை, சேரிக்குத்தான் லாயக்கு என்பது அன்றைய புகார். அடிமை முறைக்குத் துணைபோகும் அரசுக்கு வரி கட்ட மாட்டேன் என்று 1846-ல் எழுத்தாளர் தோரோ ஒரு ராத்திரி சிறையில் இருந்தது அதே கான்கார்டில்தான். இன்றைய எதிர்ப்பு வேறு. கறுப்பின மக்களை இழிவாகக் குறிக்கும் சொல் அதில் இருநூறு தடவைக்கு மேல் வருகிறது. வகுப்பில் அதை வாய்விட்டுப் படிக்கும்போது ஒரு கறுப்பினக் குழந்தைக்கு எப்படி இருக்கும் என்ற கேள்வியை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

தனிவழி எழுதியது:

எல்லாவற்றையும் படித்துவிட்டு வருகிறேன். எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

வியர் எப்படித் தவித்தார், ஷா எப்படித் தவித்திருப்பார், ஹக் எப்படித் தவித்தான் என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். கயிறு பில்லியின் கழுத்தில் விழுந்தது. சாட்டை சிம்ஸின் முதுகில் விழுந்தது. முடிவு எடுத்தவனின் மனப்போராட்டத்தையே அறப்போராட்டம் என்று பேசிப் பேசி, அந்த முடிவை உடம்பில் வாங்கியவனை மறந்துவிடுகிறோம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ஜிம்மையே எடுங்கள். அந்த நாவலில் ஒழுக்கம் பற்றிய பெரிய காட்சிகள் அவனுடையவை. 15-ஆம் அத்தியாயத்தில் மூடுபனியில் பிரிந்துபோன ஹக் திரும்பிவந்து, நீ கண்டதெல்லாம் கனவு என்று ஜிம்மை ஏமாற்றுகிறான். ஜிம் தெப்பத்தில் கிடந்த சருகுகளைக் காட்டிச் சொல்கிறான்: நீ தொலைந்துவிட்டாய் என்று எனக்கு நெஞ்சு உடைந்துபோயிருந்தது, உன்னைப் பார்த்ததும் உன் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன், நீ என்னைக் கேலி செய்வதில் இருந்தாய். நண்பன் தலையில் அழுக்கைக் கொட்டி வெட்கப்பட வைக்கிறவர்கள்தான் குப்பை. பிடித்துக்கொடுத்தால் வாழ்க்கையே போய்விடும் என்ற நிலையில் இருக்கும் மனிதன் ஒரு வெள்ளைக்காரப் பையனிடம் இதைச் சொல்கிறான். ஹக்கின் நல்ல இதயம் எங்கிருந்தோ தானாக வந்ததில்லை. ஜிம் அவனை வளர்த்தான்.

23-ல் தன் மகள் எலிசபெத்தைப் பற்றிச் சொல்லி அழுகிறான். நாலு வயசு. கதவைச் சாத்து என்றான், அவள் சிரித்துக்கொண்டே நின்றாள், அடித்துவிட்டான். காற்றில் கதவு அவள் பின்னால் படாரென்று சாத்தியபோதும் அவள் அசையவில்லை. காய்ச்சலில் காது போயிருந்தது அவனுக்கு அப்போதுதான் தெரிந்தது. என்னை நான் மன்னிக்கவே மாட்டேன் என்கிறான். தன் செயலுக்குப் பொறுப்பை முழுசாகத் தன் தலையில் ஏற்றுக்கொள்ளும் ஒரே ஆள், நாம் இதுவரை பேசியவர்களில், ஜிம்தான்.

கடைசியில், தப்பிக்கும்போது ஹக்கின் நண்பன் டாமுக்குக் குண்டடி பட்டதும் மருத்துவர் வராமல் நான் நகரமாட்டேன் என்று சொல்லித் தன் விடுதலையைக் கைவிடுகிறான். இவன் நல்லவன் என்று அந்த மருத்துவர் சாட்சி சொன்னதும் ஊர்க்காரர்கள் இனித் திட்டமாட்டோம் என்கிறார்கள். சங்கிலியைக் கழற்றவில்லை. அதற்கும் மேலே, மிஸ் வாட்சன் இரண்டு மாதம் முன்பே உயிலில் அவனை விடுதலை செய்துவிட்டுச் செத்துப்போனது டாமுக்கு முதலிலிருந்தே தெரியும். விளையாட்டுக்காகச் சொல்லாமல் வைத்திருந்தான். அந்தக் கடைசி அத்தியாயங்களை என்னால் சிரித்துப் படிக்க முடியவில்லை. ட்வெயினின் பெரிய சறுக்கல் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். போருக்குப் பிறகு சட்டப்படி விடுதலையான மக்களை அமெரிக்கா நடத்திய விதமே அந்த அத்தியாயங்கள் என்றும் சிலர் படிக்கிறார்கள். நான் இரண்டாவது கட்சி.

ட்வெயினுக்கு இந்தக் கடன் தெரிந்திருந்தது. 1885 டிசம்பரில் யேல் சட்டக் கல்லூரியின் தலைவருக்கு அவர் எழுதிய கடிதம் இருக்கிறது. வார்னர் மெக்கின் என்ற கறுப்பின மாணவரின் தங்கும் செலவை ஏற்பதாகச் சொல்கிறார். அவர்களுடைய மனிதத்தன்மையை நாம்தான் அரைத்து எடுத்துவிட்டோம், வெட்கம் நம்முடையது, நாம்தான் அதற்குக் கொடுக்க வேண்டும் என்று எழுதினார். அந்த மெக்கின் பிற்பாடு பால்டிமோரில் வழக்கறிஞரானார். அங்கே அவர் கைதூக்கிவிட்ட இளைஞர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல், 1954-ல் பள்ளிகளில் இனப்பிரிவினையை ஒழித்த வழக்கை வாதாடி வென்றவர்.

வெள்ளாமை எழுதியது:

தனிவழி சொன்னதைப் படித்ததும் ஸ்டைன்பெக்தான் ஞாபகம் வந்தார். 1939-ல் வந்த அவருடைய ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ நாவலின் ஐந்தாம் அத்தியாயம். கதை ஓடாது, ஓக்லஹோமா நிலத்தில் குத்தகைக்காரர்களை எப்படி வெளியேற்றினார்கள் என்பது மட்டும்தான். நிலக்காரர்களின் ஆட்கள் காரில் வருகிறார்கள். எங்களுக்கும் வருத்தம்தான், நாங்கள் செய்யவில்லை, வங்கி செய்கிறது, வங்கி மனிதர்களால் ஆனதுதான், ஆனாலும் மனிதர்களுக்கு மேலான ஏதோ ஒன்று என்கிறார்கள். வியர் சொன்னாரே, நம் வழியாக இயங்கும் சட்டம் என்று? அதே பேச்சு. சீருடை மட்டும்தான் மாறியிருக்கிறது.

அப்புறம் டிராக்டர் வருகிறது. ஓட்டுகிறவன் அதே ஊர்க்காரன் பையன். ஏன் இந்த வேலைக்கு வந்தாய் என்று கேட்டால், ஒரு நாளைக்கு மூன்று டாலர், எனக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள் என்கிறான். உன் மூன்று டாலருக்காகப் பதினைந்து இருபது குடும்பம் பட்டினி என்கிறார் குத்தகைக்காரர். வீட்டை இடித்தால் சுட்டுவிடுவேன் என்றால், என்னைச் சுட்டால் அடுத்தவன் வருவான் என்கிறான். சரி, உனக்கு உத்தரவு போட்டவனைச் சுடுகிறேன். அவனுக்கு வங்கி உத்தரவு போட்டது. வங்கித் தலைவரை? அவருக்குக் கிழக்கிலிருந்து உத்தரவு. அப்படியானால் யாரைத்தான் சுடுவது என்று அந்த மனுஷன் கேட்கிறான். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் சொல்கிறேன், அந்த அத்தியாயத்தை என்னால் ஒரே மூச்சில் படித்து முடிக்க முடிந்ததில்லை.

நாவல் வந்த வருடமே கலிபோர்னியாவின் கெர்ன் மாவட்டத்தில், அகதிகளாக ஓக்லஹோமா குடும்பங்கள் போய்ச் சேர்ந்த அதே இடத்தில், பொது நூலகங்களிலிருந்து நீக்கினார்கள்.

கறுப்பு_அங்கி எழுதியது:

வெள்ளாமை, நல்ல இடத்தைப் பிடித்தீர்கள். தனிவழிக்கும் நன்றி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். வியர் எடுக்காத முடிவை எடுத்த ஓர் அதிகாரி அமெரிக்க இலக்கியத்தில் உண்டு. ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ நாவலில் ஷெரிஃப் ஹெக் டேட். பிள்ளைகளைக் கொல்ல வந்தவனைக் குத்திக் கொன்றது யார் என்று அவருக்குத் தெரியும். கூச்ச சுபாவமுள்ள அந்த மனிதனை ஊர் நடுவே இழுத்து நிறுத்துவது பாவம் என்கிறார், கொல்ல வந்தவன் தன் கத்தி மேலேயே விழுந்து செத்தான் என்று முடித்துவைக்கிறார். நமக்கும் நிம்மதியாக இருக்கிறது. ஆனால் அதே ஊரில் டாம் ராபின்சன் என்ற கறுப்பின மனிதன் செய்யாத குற்றத்துக்குத் தண்டனை வாங்கி, சிறையில் பதினேழு குண்டு பாய்ந்து செத்தபோது எந்த அதிகாரியும் சட்டத்தை வளைக்கவில்லை. வளைத்தது யாருக்காக என்பதையும் கேட்டாக வேண்டியிருக்கிறது.

நதிக்கரை எழுதியது:

தனிவழி எழுதியதைப் படித்தபின் பில்லியின் கடைசி வார்த்தையை மறுபடி யோசித்தேன். 1930-களில் சில விமர்சகர்கள் அதை மெல்வில் உலகத்தோடு சமாதானமாகிவிட்டதற்கு அடையாளம் என்றார்கள். கொல்லப்படுகிறவன் கொல்கிறவரை வாழ்த்துகிறான், எல்லாம் சரியாகிவிட்டது என்று. அப்படியானால் அதற்கடுத்த பக்கங்கள் எதற்கு? கப்பற்படைச் செய்தித்தாள் ஒன்று இந்தச் சம்பவத்தை அச்சிடுகிறது. பில்லி கலகத் தலைவன், அந்நிய நாட்டவன், நல்லவரான கிளாகர்ட்டைக் கத்தியால் குத்தினான் என்று. அரசு ஆவணம் என்று மிஞ்சியது அது ஒன்றுதான். சட்டத்தைக் காப்பாற்றத்தானே வியர் அவனைப் பலி கொடுத்தார்? அந்தச் சட்டத்தின் ஏட்டில் அவன் பெயர் எப்படி ஏறியிருக்கிறது பாருங்கள்.

கடலோடி எழுதியது:

நான் என் இடத்திலிருந்து முழுதாக நகரவில்லை. தளத்தில் நிற்பவனுக்குத் தெரியும் பயத்தை நீங்கள் யாரும் போதுமான அளவு எடையில் வைக்கவில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன். ஆனால் மருத்துவர் நினைத்த வழி, காவலில் வைத்து அட்மிரலிடம் ஒப்படைப்பது, கப்பல்காரன் கண்ணில் பார்த்தாலும் நடைமுறையில் சாத்தியமான வழிதான். கிளாகர்ட் இறந்ததைச் சில நாள் வெளியே தெரியாமல் வைத்திருக்க முடியுமா என்பதுதான் சிக்கல். அத்தனை பேர் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும் கப்பலில் ஒழுங்கதிகாரி ஒருவர் ஒரு வேளை கண்ணில் படாவிட்டாலே பேச்சு கிளம்பிவிடும்.

என் கேள்வி அந்த மூன்று பேரைப் பற்றி. முதல் லெப்டினன்ட், கடற்படைக் காலாட்படைக் கேப்டன், மாலுமித் தலைவர். பில்லி கலகமும் நினைக்கவில்லை, கொலையும் நினைக்கவில்லை என்று அந்தக் காலாட்படைக் கேப்டன் வாய்விட்டே சொல்கிறார். அப்புறம் ஏன் தலையாட்டினார்கள்? வியரைவிடத் தங்களுக்கு அறிவு குறைவு என்று நினைத்தார்கள், அவரை எதிர்த்துப் பழக்கமில்லை என்கிறார் மெல்வில். மூன்று பேரில் ஒருவர் முடியாது என்று எழுந்திருந்தால் வியர் என்ன செய்திருப்பார்? பாதி ராத்திரிக்கு என் வாட்ச் முடியும், அப்புறம் வந்து பார்க்கிறேன். யாராவது எழுதி வையுங்கள்.